அழுத்தாத கை



திருச்சியிலிருந்து கரூர் சாலையில் போனால், காவிரியின் தென்கரையில் திருப்பராய்த்துறை வரும். ஊருக்குப் பெயர் தந்தது பராய் மரம். கோயிலின் தலமரமும் அதுவே. அதன் இலையைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? பூனை நக்கினாற்போலச் சொரசொரவென்று இருக்கும். உப்புத்தாளை எண்ணி எண்ணிச் செலவு செய்த காலத்தில், என் தாத்தா அந்த இலைகளைக் காயவைத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருப்பார். கோயில் வாகனத்துக்கு முகம் செதுக்கினால் கண்ணிமை, மூக்கு மடல் போன்ற இடங்களில் உப்புத்தாள் சரியாக நுழையாது. அங்கே இந்த இலையைச் சுருட்டி விரல் நுனியால் தேய்ப்பார். அவர் தேய்க்கும்போது பட்டறையில் யாரும் பேச மாட்டார்கள்.

இன்று என் பட்டறையில் தேய்ப்பு வேலையில் முக்கால் பங்கை மின்சாரச் சாண்டர்தான் செய்கிறது. மெஷின் வந்தது, கைத்திறன் போயிற்று என்று வருந்துகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அந்த வருத்தம் இல்லை. இந்த இயந்திரத்தை நன்றாக ஓட்டுவதும் ஒரு கைவினைதான். அதில் ஒரு விசேஷமும் இருக்கிறது. மரத்துக்கு எது நல்லதோ, அதுவே ஓட்டுகிறவரின் உடம்புக்கும் நல்லது. பலகை சுத்தமாக வர நாம் செய்யும் காரியங்கள் அநேகமாக எல்லாமே நம் நுரையீரலையும் விரல்களையும் சேர்த்துக் காப்பாற்றுகின்றன. வேறெந்த மரவேலைக் கருவியிலும் இந்த இரண்டும் இவ்வளவு நெருங்கி இருந்து நான் பார்த்ததில்லை.

இது வானொலி என்பதால் ஓசையிலிருந்து தொடங்குகிறேன். ஐந்து அங்குலத் தட்டுள்ள கைச் சாண்டர் நல்ல நிலையில் ஓடினால் ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். கொஞ்சம் அழுத்திப் பாருங்கள், அந்தச் சுருதி இறங்கும், முனகும். பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இந்தச் சுருதியைத்தான். "அழுத்தாதே தம்பி, அது முனகாமல் பார்த்துக்கொள்" என்பேன். பலகைக்கு முதுகைக் காட்டி நின்றாலும், யார் அழுத்துகிறார்கள் என்று எனக்குக் காதிலேயே தெரிந்துவிடும்.

ஏன் அழுத்தக் கூடாது? இந்தத் தட்டுக்கு இரண்டு அசைவு உண்டு. மையம் விலகிய அச்சில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு, நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் அது அதிர்ந்து ஆடுகிறது. கூடவே தன்பாட்டில் மெதுவாகச் சுழல்கிறது. இரண்டும் கலப்பதால், உப்புத்தாளின் ஒரு துகள் போன தடத்திலேயே மறுபடி போவதில்லை. கீறல் மேல் கீறல் விழுந்து, எல்லாம் ஒன்றில் ஒன்று கலைந்துவிடுகிறது. இந்தச் சுழற்சியை மோட்டார் நேராகத் தருவதில்லை. உள்ளே இருக்கும் பேரிங்கின் லேசான உராய்வுதான் தட்டை இழுத்துச் செல்கிறது. நாம் அழுத்தியதும் சுழற்சி நின்றுபோகும், அதிர்வு மட்டும் மிஞ்சும். அப்போதுதான் பலகை முழுக்கச் சுருட்டை முடி போலக் கீறல்கள் விழும். பாலிஷ் ஏறாத மரத்தில் அவை கண்ணுக்குத் தெரியாது. பாலிஷ் ஏறியதும் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். தட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது அந்தக் கோடு சுற்றிவருவது தெரிந்தால் உங்கள் கை சரியாக இருக்கிறது.

அழுத்தினால் வேறு கேடுகளும் வரும். சூடேறி, தட்டில் தாளைப் பிடித்திருக்கும் குட்டிக் கொக்கிகள் உருகும். பிசினும் தூசியும் சேர்ந்து தாளின் முகத்தை அடைக்கும். அதிர்வு முழுதும் மணிக்கட்டுக்கு ஏறும். வருடக்கணக்கில் அப்படி ஏறினால் விரல்களில் ரத்த ஓட்டம் குன்றி, குளிரில் நுனிகள் வெளுத்து மரத்துப்போகும் நோய் உண்டு. கையின் எடையும் இயந்திரத்தின் எடையும் போதும். நொடிக்கு ஓர் அங்குலம் நகர்ந்தால் போதும்.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். தேக்கு வெனீர் ஒட்டிய அலமாரிக் கதவு ஒன்று. வெனீர் என்பது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. விளிம்பில் ஒரு கறை. அது போகட்டும் என்று சாண்டரைச் சாய்த்து ஓரத்தால் அழுத்தினேன். மூன்று நொடிதான். தேக்கின் ரேகை மறைந்து, அடியில் இருந்த ப்ளைவுட்டின் வெளிறிய முகம் வந்துவிட்டது. எந்தப் பாலிஷும் அதை மூடவில்லை. கதவை என் செலவில் புதிதாகச் செய்து கொடுத்தேன். கொஞ்ச நாள் அந்தப் பழைய கதவைப் பட்டறைச் சுவரிலேயே சாய்த்து வைத்திருந்தேன், பையன்கள் பார்க்கட்டும் என்று.

தாள் மாற்றும் வரிசையில் அவசரம் கூடாது. 80ஆம் நம்பர் தாளின் துகள் ஏறக்குறைய மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, 120இல் எட்டில் ஒரு பங்கு. 80 போட்ட கீறலை 120 அழிக்க வேண்டும், 120 போட்டதை 180 அழிக்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால், 220ஐ வைத்துக்கொண்டு அரை நாள் தேய்த்தாலும் 80இன் பள்ளம் போகாது. தேய்க்கிறவரோ பொறுமையிழந்து அழுத்தத் தொடங்கிவிடுவார். பலகையில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். கோடு முழுக்க அழிந்தால் அந்த நம்பரின் வேலை முடிந்தது. அடுத்ததுக்குப் போகும் முன் பலகையை நன்றாகத் துடைக்க வேண்டும். உதிர்ந்து கிடக்கும் ஒரு 80ஆம் நம்பர் துகள் 180இன் கீழே மாட்டினால் நீளமாகக் கிழித்துவிடும். ஒரு விளக்கைப் பலகையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். தலைக்கு மேல் எரியும் டியூப்லைட் எல்லாவற்றையும் மன்னித்துவிடும், பக்க விளக்கு ஒன்றையும் மன்னிக்காது. கடைசித் தேய்ப்பு மட்டும் கையால், மரத்தின் நாரோட்டத்தை ஒட்டி. அதை இயந்திரத்திடம் விட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இனி தூசி. இந்தப் பேச்சுக்கு நான் ஒத்துக்கொண்டதே இதைச் சொல்லத்தான்.

எங்கள் பட்டறையில் பெரியவர் ஒருவர் இருந்தார். வீணைக் குடத்துக்கும் கதவுக்கும் பலா மரம் தேய்ப்பதில் அவருக்கு நிகர் இல்லை. பலாவின் வைரம் நல்ல மஞ்சள். சாயத்துக்கே உதவும் மஞ்சள் அது. மாலையில் அவர் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை மஞ்சளாகும். ஈட்டி மரம் தேய்த்த நாளில் கருஞ்சிவப்பு. "இன்னைக்கு என்ன மரம்னு என் கைக்குட்டையைப் பார்த்தே சொல்லிடலாம்" என்று சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது நெஞ்சு கனக்கிறது. கடைசி வருடங்களில் அவருக்குச் சந்தன வாசனைகூடத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பேர்போனது. 1960களில் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மே ஹாட்ஃபீல்டு ஒன்றைக் கவனித்தார். மூக்கின் உட்குழிகளில் வரும் மிக அரிதான ஒரு புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளர்களிடம் அடிக்கடி தென்பட்டது. டொனால்ட் ஆச்சிசன் முதலானோருடன் அவர் சேர்ந்து செய்த ஆய்வு 1968இல் வெளிவந்தது. 1995இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் வகுப்பிலேயே பட்டியலிட்டது. இந்த நோய் தூசியைச் சுவாசித்துப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளிப்படும். அதனால் தூசிக்கும் நோய்க்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க வீட்டாருக்குத் தோன்றுவதே இல்லை.

இழைப்புளி தரும் சுருள் தரையில் விழும். சாண்டர் தரும் தூசி விழாது. கண்ணுக்குத் தெரியும் தூசி பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். மிக நுண்ணியது, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுள்ளது, ஆடாத காற்றில்கூட மணிக்கணக்கில் மிதந்து நெஞ்சுக்குள் இறங்கும். தேக்குக்கும் ஈட்டிக்கும் தோலில் அரிப்பும் தடிப்பும் எழுப்பும் குணம் உண்டு. எம்.டி.எஃப். பலகையில் தூசியோடு ஃபார்மால்டிஹைடு கலந்த பிசினும் சேர்ந்து வரும்.

தோளில் கிடக்கும் துண்டை முகத்தில் கட்டிக்கொள்வது நம் வழக்கம். நுண்தூசிக்கு அந்தத் துணியின் ஓட்டைகள் வாசற்கதவு மாதிரி. என்95 முகமூடி வாங்குங்கள். மூக்குத்தண்டில் கம்பியை அமுக்கி, காற்று ஓரத்தில் கசியாமல் போடுங்கள். அதற்கும் முன்னால் தூசியை எழும் இடத்திலேயே பிடியுங்கள். சாண்டரின் தட்டில் துளைகள் இருப்பது அதற்காகத்தான். தாளின் துளையும் தட்டின் துளையும் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். விலை குறைவு என்று துளையில்லாத தாளை ஒட்டினால் உறிஞ்சும் வழியே அடைபட்டுவிடும். கூடவரும் சிறு பையைவிட, தூசி உறிஞ்சும் வேக்குவத்தைக் குழாயால் இணைப்பது எத்தனையோ மேல். அப்படி இணைத்த அன்றுதான் நான் கண்டுகொண்டேன்: தாள் முன்னைவிட வெகுநேரம் உழைக்கிறது, கீறலும் குறைகிறது. தாளுக்கும் மரத்துக்கும் நடுவே தூசி இல்லாததால் துகள் மரத்தையே வெட்டுகிறது. மூச்சுக்காக வாங்கிய வேக்குவம் பலகையையும் சேர்த்துத் திருத்திவிட்டது.

தொழிற்சாலைகளிலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் ஓக்கி என்பவர் தண்ணீர் ஊற்றித் தேய்க்கக்கூடிய உப்புத்தாளைக் கண்டுபிடித்தார். 3எம் நிறுவனம் 1921இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காருக்குப் பெயின்ட் அடிக்கும் இடங்களில் அது தூசியை அடக்கியது, கூடவே முன்னைவிட வழவழப்பான முகமும் தந்தது.

பழைய பெயின்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகள், நிலைகள், சன்னல்கள் இப்போது புதுப்பிப்புக்கு வருகின்றன. மேலே பல அடுக்கு எனாமல் இருக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் சாண்டரை வைத்தால் ஈயம் பொடியாகி வீடெங்கும் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். தண்ணீர் தெளித்து, சுரண்டியால் மெல்ல எடுப்பதுதான் முறை. அந்தக் கதவுகளின் யாளி, கொடிக்கருக்கு வேலைப்பாட்டுக்கும் அதுவே நல்லது. சாண்டர் பட்ட செதுக்கலில் உளியின் கூர்மை மழுங்கி, முகங்கள் சோப்பு கரைந்தாற்போல ஆகிவிடும். நூறு வருடத்து உளிவேலையை ஒரு மதியத்தில் அழித்துவிடலாம். அழித்த கதவுகளைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை.

நெருப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தூசிப் பையை நிறைந்த நிலையில் இரவு விடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் பூசிய பலகையைத் தேய்த்த தூசியும், அந்த எண்ணெய் துடைத்த துணியும் யாரும் கொளுத்தாமலே தானாகச் சூடேறிப் பற்றும். 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்தது. மரச்சுவர்களைப் புதுப்பித்தவர்கள் விட்டுச்சென்ற அப்படிப்பட்ட துணிதான் காரணம். தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். துணியை விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டு வையுங்கள். இரும்பு வெல்டிங்கும் கிரைண்டர் பொறியும் மரத்தூசி இருக்கும் இடத்தில் வேண்டாம்.

பெல்ட் சாண்டரின் சுபாவம் வேறு. அதை ஓடவிட்டுத்தான் பலகையில் இறக்க வேண்டும். வைத்துவிட்டு சுவிட்ச் போட்டால் பாய்ந்து ஓடும். வட்டச் சாண்டரைப் பலகையில் தட்டையாக அமர்த்திவிட்டு ஓடவிடுவதுதான் என் வழக்கம். தோள் துண்டையும், மடித்துக் கட்டிய லுங்கியின் தொங்கலையும் பெல்ட் இழுத்துக்கொள்ளும். பிளக் இல்லாமல், ஒயர் முனையை உரித்துத் தீக்குச்சி செருகி ஓட்டுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பட்டறைக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று பொருத்துங்கள். தாள் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பராமரிப்பு என்பது மாலையில் கால் மணி நேரம். காற்றுவழியில் படிந்த தூசியை, கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஊதி எடுப்பது. தட்டின் கொக்கிகள் வழுக்குகின்றனவா என்று தொட்டுப் பார்ப்பது. தூக்கிப் பிடித்து ஓடவிட்டால் தட்டு வெறிகொண்டு சுற்றுகிறதா? அப்படியானால் பிரேக் ரப்பர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். அப்படியே பலகையில் வைத்தால் குழி விழும். மோட்டாருக்குள் பொறி அதிகம் தெரிந்தால் கார்பன் தேய்ந்திருக்கும். இரண்டு கார்பனையும் ஒன்றாக மாற்றுங்கள். அடைத்த தாளைக் கிரேப் ரப்பர் கட்டியால் தேய்த்தால் பாதி உயிர் திரும்பும். மழைக்காலத்தில் தாள்கள் சுருண்டுகொள்ளும், அதனால் தகரப் பெட்டியில் தட்டையாக அடுக்குகிறோம். தாத்தாவின் பிஸ்கட் டப்பாவில் இப்போது 180ஆம் நம்பர் இருக்கிறது.

போன வாரம் ஒரு பலா ஊஞ்சல் பலகை. புதிதாகச் சேர்ந்த பையன் காலையிலிருந்து தேய்த்தான். முனகல் சத்தம் ஒரே ஒரு தடவைதான் கேட்டது, அவனே கையைத் தளர்த்திக்கொண்டான். மாலையில் முகமூடியைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்து காட்டினான். வெளிப்பக்கம் முழுக்க மஞ்சள். திருப்பினான். உள்பக்கம் வெள்ளையாகவே இருந்தது.