பெட்டிக்குள் உறங்கும் பேசும்படங்கள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பற்றியும் இசை பற்றியும் பேசவல்ல சான்றோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எனக்கு அத்தகுதி இல்லை. ஆயினும், ஓய்வு நேரத்தில் பழைய திரைப்படச் சுருள்களைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதை அறிந்த நம் செயலாளர், அதைப் பற்றிப் பேசுமாறு பணித்தார். கொல்கத்தாத் தமிழரிடம் சொல்வதற்கு இதில் செய்தி ஒன்று இருப்பதால் நானும் இசைந்தேன்.

தமிழ்ப் பேசும்படம் குழந்தையாக இருந்தபோது அதனைத் தாலாட்டிய ஊர்களுள் நம் ஊரும் ஒன்று. முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931 இல் பம்பாயில் உருவாயிற்று. அக்காலத்தில் சென்னையில் பேசும்பட ஸ்டூடியோ இல்லை. ஆகவே நடிகர்களும் பாடகர்களும் இரயிலேறிப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்தார்கள். 1933 இல் வெளிவந்த 'வள்ளி திருமணம்' இங்குள்ள பயனீர் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. அதனைத் தயாரித்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு காலத்தில் திருச்சியில் நம்மைப் போன்ற இரயில்வே ஊழியர்! 1905 இல் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியையும் சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை உதறிவிட்டு, ஊர் ஊராகச் சென்று படம் காட்டியவர் அவர். தியாகராஜ பாகவதரின் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி' ஆகிய இரண்டும் 1937 இல் வெளிவந்தன. இரண்டும் கல்கத்தாவில் எடுக்கப்பட்டவையே.

இவற்றுள் 'அம்பிகாபதி'யை இன்றும் காணலாம். 'காளிதா'ஸையும் 'வள்ளி திருமண'த்தையும் காண இயலாது. பிரதிகள் அழிந்துபோயின. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 1,300 ஊமைப் படங்களுள் எஞ்சியவை முப்பதைச் சுற்றியே நிற்கின்றன. இவ்வளவு பெரிய அழிவு எவ்வாறு நேர்ந்தது?

அக்காலத்து 35 மில்லிமீட்டர் பிலிம் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. அது எளிதில் தீப்பற்றும். பற்றினால் அணைப்பது அரிது. நம் ஊரில் இயங்கிய நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தின் படச்சுருள்களை 1940 இல் தீ உண்டது. தீக்குத் தப்பியவற்றை வறுமை உண்டது. பிலிமில் வெள்ளி இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து விற்றால் காசு. படம் ஓடி முடிந்தபின் பிரதியைக் காப்பதைவிட விற்பதே ஆதாயமாக இருந்தது. நம் நாட்டின் முதல் பேசும்படமாகிய 'ஆலம் ஆரா'வே இன்று இல்லை என்றால் மற்றவற்றைப் பற்றி என்ன சொல்ல!

இந்த இருளில் ஒரு சிறு விளக்காக விளங்குவதுதான் சிறிய அகலப் பிலிம். பிரான்சு நாட்டுப் பாத்தே கம்பெனி 1922 இல் 9.5 மில்லிமீட்டர் அகலத்தில், வீட்டில் ஓட்டிப் பார்க்கத்தக்க பிலிமை வெளியிட்டது. கோடக் கம்பெனி 1923 இல் 16 மில்லிமீட்டரையும், 1932 இல் 8 மில்லிமீட்டரையும், 1965 இல் சூப்பர் 8 என்பதையும் கொண்டுவந்தது. வீட்டுக்குள் தீ மூளலாகாது என்பதால் இவை நைட்ரேட்டால் அன்றி, எளிதில் தீப்பற்றாத அசிட்டேட்டால் செய்யப்பட்டன. நீளமும் குறைவு. தியேட்டரில் 16,000 அடி ஓடும் மூன்று மணி நேரப் படம், 16 மில்லிமீட்டரில் 6,400 அடிக்குள் அடங்கிவிடும். நான்கே ரீல்கள் போதும். ஆகையால் திருவிழாத் திடலிலும் பள்ளியிலும் தொழிலாளர் குடியிருப்பிலும் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவோர் இவற்றையே பயன்படுத்தினர்.

இச்சிறு சுருள்களின் பெருமைக்கு உலகம் அறிந்த சான்றுகள் இரண்டு உண்டு. ஆபெல் கான்ஸ் 1927 இல் எடுத்த 'நெப்போலியன்' சிதைந்துபோன காவியம். 1954 இல் கெவின் பிரவுன்லோ என்னும் ஆங்கிலப் பள்ளி மாணவர், அதன் 9.5 மில்லிமீட்டர் ரீல்கள் இரண்டைப் பெற்றார். அவற்றில் மனம் பறிகொடுத்து, எஞ்சிய பகுதிகளை நாடெங்கும் தேடி, ஆண்டுக்கணக்கில் உழைத்துப் படத்தை மீட்டுருவாக்கினார். 1979 இல் அதன் திரையிடலை முதுமையுற்ற கான்ஸே நேரில் கண்டார். பிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' படத்தில் வெட்டி எறியப்பட்ட காட்சிகளோ, 2008 இல் அர்ஜென்டினாவின் தலைநகரில், ஒரு 16 மில்லிமீட்டர் பிரதியில் கிடைத்தன. தனியார் ஒருவர் சேர்த்து வைத்திருந்த பிரதியிலிருந்து எடுக்கப்பட்ட நகல் அது. கீறல்கள் நிறைந்திருந்தபோதிலும், எண்பது ஆண்டுகளாக இல்லை என்றிருந்தது இருக்கிறது என்றாயிற்று!

கல்கத்தாவில் 1919 இல் எடுத்த 'பில்வமங்கள்' என்னும் ஊமைப் படத்தின் ஒரு பகுதி பாரிஸில் கிடைத்து, அதன் நகல் 2016 இல் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. இங்கே பிறந்தது அங்கே கிடைக்குமாயின், தமிழ்நாட்டில் தொலைந்தது இங்கே ஒரு தமிழர் வீட்டுப் பரணில் கிடைக்கக்கூடாதா?

இதை நான் வீணாசையாகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் லேக் மார்க்கெட் அருகே ஒரு தமிழ்க் குடும்பத்தார் வீட்டைக் காலி செய்தனர். பெரியவர் ஒருவர் படம் காட்டப் பயன்படுத்திய தகரப் பெட்டிகள் அங்கிருப்பதாகக் கேள்வியுற்று, அலுவல் முடிந்ததும் ஓடினேன். முந்திய வாரமே எல்லாம் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன. மாடிப்படியின் கீழ் ஒரே ஒரு காலி டப்பா கிடந்தது. அதன்மேல் தமிழில் 'பாகம் 3' என்று எழுதியிருந்தது. படத்தின் பெயர் எழுதிய காகிதம் கிழிந்திருந்தது. எந்தப் படத்தின் மூன்றாம் பாகமோ! அவ்வீட்டாரை நான் குறை கூறேன். அதன் அருமையை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அதற்காகவே இன்று இங்கே நிற்கிறேன்.

உங்கள் வீட்டில் சுருள் ஏதேனும் இருந்தால் முதலில் அளந்து பாருங்கள். துளை, படங்களுக்கு நடுவே ஒன்றாக இருந்தால் 9.5 மில்லிமீட்டர். ஒரு பக்கம் துளையும் மறுபக்கம் ஒலிக்கோடும் இருந்தால் அது 16 மில்லிமீட்டர் பேசும்படம். காடி நாற்றம் வீசினால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதனை மற்றச் சுருள்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். நம் ஊரின் வெக்கையும் மழைக்காலத்து ஈரமும் அதற்குப் பகை. மொட்டைமாடி அறையை விட்டு, குளிர்ந்த, உலர்ந்த, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். ஆவலால் பழைய புரொஜெக்டரில் ஏற்றி ஓட்டிவிடாதீர்கள். சுருங்கிய பிலிம் பல்சக்கரத்தில் கிழிந்துவிடும்.

பிரதி வைத்திருப்பது குற்றமாகிவிடுமோ என்று அஞ்சி மறைப்போரும் உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகள். நான் பேசிய முப்பதுகளின் படங்களுக்கு அக்காலம் எப்போதோ கடந்துவிட்டது. ஆகவே அச்சம் வேண்டா.

இறுதியாக, சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். சந்தா வாங்க வீடு வீடாகச் செல்லும் நம் தொண்டர்கள், 'பழைய பிலிம் சுருள் உண்டா?' என்று ஒரு வார்த்தை கேட்டு, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வரட்டும். தக்கது கிடைப்பின், 1964 இல் நிறுவப்பெற்ற புனே காப்பகத்துக்கோ, 2014 முதல் மும்பையில் இயங்கும் பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷனுக்கோ எழுதுவோம். அந்நோட்டைப் பராமரிக்கும் வேலையை எனக்குத் தாருங்கள். பேரேடு எழுதிப் பழகிய கை இது.

நம் முன்னோர் ஏட்டுச்சுவடிகளை ஆற்றில் விட்டதையும், பெரியோர் சிலர் ஊர் ஊராக அலைந்து எஞ்சியவற்றைக் காத்ததையும் நாம் அறிவோம். பிலிம் சுருளும் ஒரு சுவடியே. ஏடு தேடிய அப்பெரியோரின் வழியில் நாமும் நம்மால் இயன்றதைச் செய்வோமாக.