மதுரையின் வரைபடமும் ஊர்ச்சபையின் குரலும்



இந்த அரங்குக்கு வந்தவர்களில் பலர் வெளி வீதி ஒன்றைக் கடந்துதான் வந்திருப்பீர்கள். அந்த வீதிகள் மதுரைக் கோட்டையின் மதில் நின்ற இடம், அகழி கிடந்த இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை அகற்ற முனைந்தபோது, மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அங்கேயே மனை தரப்படும் என்று அறிவித்தார். ஊரார் கடப்பாரையும் கூடையுமாக வந்தார்கள். நிலம் அளந்த மாரட்டின் பெயரும், மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றும் வீதிப் பெயர்களாக இருக்கின்றன. பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண் இருக்கிறது. மண் சுமந்தவர்களுக்கு மனை கிடைத்தது. ஆனால் எந்த வீதி எப்படிப் போக வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மதுரையைக் கட்டுவதில் மதுரைக்காரர்களுக்கு எப்போதும் பங்கு உண்டு. அதை வரையும் இடத்தில் மட்டும் அவர்களுக்கு இன்னும் நாற்காலி போடப்படவில்லை. என் பேச்சு அந்த நாற்காலியைப் பற்றியது.

1915-இல் பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் சென்னை மாகாணத்து ஊர்களைப் பார்வையிட்டு அறிக்கைகள் எழுதினார். அந்த ஊர்களுள் மதுரையும் ஒன்று. அவர் கொண்டுவரவிருந்த நகரமைப்புக் கண்காட்சியின் படங்களும் வரைபடங்களும், முதல் உலகப் போரில் சென்னைமீது குண்டு வீசிய அதே எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்த ஒரு கப்பலோடு கடலுக்குள் போயின. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு சென்னையில் கண்காட்சியை நடத்தினார். முதலில் தெருத்தெருவாக நடந்து பார், குடியிருப்பவர்களின் வாழ்க்கையைத் தெரிந்துகொள், பிறகு கோடு போடு என்பது அவர் முறை. 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. சட்டம் நிலைத்தது, நடந்து பார்க்கும் பழக்கம் நிலைக்கவில்லை.

இன்று நடப்பில் இருப்பது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானால் ஆட்சேபணையும் ஆலோசனையும் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்கிறது அது. நல்ல விதிதான். ஆனால் செய்தித்தாளில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது, அதில் சர்வே எண்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனையூரில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண் தன் தெரு அதில் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள வயல், குடியிருப்பு மனையாகவோ தொழிற்சாலை இடமாகவோ வகை மாறுகிறது என்பது, அங்கே எல்லைக்கல் நட்ட பிறகுதான் அவருக்குத் தெரியும்.

இங்கே எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்திக்கு வருகிறேன். 2011-இல் மதுரை மாநகராட்சியின் எல்லை விரிந்தது. சுமார் 52 சதுர கிலோமீட்டராக இருந்தது 148 ஆயிற்று, 72 வார்டுகள் 100 ஆயின. அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சிகளும், திருப்பாலை, கண்ணனேந்தல், உத்தங்குடி போன்ற ஊராட்சிகளும் உள்ளே வந்தன. அந்த ஊராட்சிகளில் அதுவரை கிராம சபை இருந்தது. ஆண்டுக்குச் சில முறை மரத்தடியிலோ பள்ளிக்கூடத்திலோ கூடி, யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடலாம். மாநகராட்சியில் சேர்ந்த நாளோடு அது போயிற்று. வயல்கள் பிளாட்டாக மாறத் தொடங்குகிற அதே வேளையில், அதைப் பற்றிப் பேசும் சபை இல்லாமற் போகிறது. 2025 தொடக்கத்தில் மேலும் பல ஊராட்சிகளைச் சேர்க்கும் திட்டம் வந்தபோது ஊர்மக்கள் எதிர்த்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்றார்கள். அவை உண்மையான கவலைகள். சபை போய்விடும் என்பதையும் அவற்றோடு உரக்கச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பேன்.

சபைக்கு என்ன வலிமை என்று கேட்பவர்கள் மேலூர்ப் பக்கம் பார்க்கட்டும். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டிப் பகுதியில் ஏறத்தாழ 2,000 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை ஏலத்தில் போனது தெரியவந்தது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அந்த எல்லைக்குள் வந்தது. அந்த மாதம் 23-ஆம் தேதி கூடிய கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரி 7-இல் மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபைத் தீர்மானத்தால் மட்டும் அது நடந்துவிடவில்லை. அரசியலும் இருந்தது, நடந்த கால்களும் இருந்தன. ஆனாலும் ஊரின் பெயரால், தேதியோடும் கையெழுத்தோடும், 'எங்களுக்கு வேண்டாம்' என்று ஒரு தாள் முதலில் இருந்தது. கலெக்டரிடம் கொடுக்கவும் சட்டமன்றத்தில் காட்டவும் அந்தத் தாள் உதவியது.

மதுரை நகருக்குள்ளேயே இருக்கும் செல்லூர்க்காரர்களிடம் அப்படி ஒரு தாள் இல்லை. 2024 அக்டோபர் 25-இல் கொட்டிய மழையில் செல்லூர்த் தெருக்கள் முங்கிப் போயின. வடக்கேயுள்ள கண்மாய்களின் மறுகால் தண்ணீர் செல்லூர்க் கண்மாய்க்கு வந்து, பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகையில் சேர வேண்டும். அந்த வழி குறுகிவிட்டது என்பது அங்கே குடியிருக்கும் நெசவுத் தொழிலாளிக்கு வெள்ளத்துக்கு முன்பே தெரியும். மடை எங்கே, கலுங்கு எங்கே, எந்தச் சந்தில் தண்ணீர் முதலில் ஏறும் என்பதைப் பெரியவர்கள் விரலால் காட்டுவார்கள். அந்த அறிவு எந்த முழுமைத் திட்டத்துக்கும் இலவசமாகக் கிடைக்கும். நாம் கேட்டோமா? உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளை எழுந்தது, தல்லாகுளத்தில் மாநகராட்சி அலுவலகமே எழுந்தது. பெயரிலேயே நீர் இருக்கும் இடங்களில் அரசே கட்டிக்கொண்டபின், வாய்க்கால் ஓரத்தில் குடிசை போட்ட ஏழையை மட்டும் ஆக்கிரமிப்பாளர் என்று அழைப்பதை என் மனம் ஏற்கவில்லை.

நகரத்துக்கும் சபை இல்லாமல் இல்லை. 2022-இல் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் தமிழ்நாடு அரசு விதிகள் வகுத்தது. அவ்வாண்டு நவம்பர் 1-இல் பகுதி சபைகள் கூடவும் செய்தன. வரவேற்கிறேன். ஆனால் அங்கே பேச்சு தெருவிளக்கிலும் சாக்கடையிலும் குடிதண்ணீரிலும் நின்றுவிடுகிறது. நிலத்தின் வகையை மாற்றுவதற்கு முன் அந்தச் சபையைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

குடியிருப்போர் பேச ஆரம்பித்தால் எதையும் கட்ட விடமாட்டார்கள் என்று அதிகாரிகள் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. சொந்த வீடு உள்ளவர்கள், பக்கத்தில் ஏழைகளுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு வரக்கூடாது என்று தீர்மானம் போடவும் கூடும். ஆகவே வாடகைக்குக் குடியிருப்பவரும் புறம்போக்கில் குடியிருப்பவரும் அதே சபையில், அதே உரிமையோடு உட்கார வேண்டும். குடியிருப்போர் நலச்சங்கம் மட்டுமே மக்கள் ஆகிவிடாது.

நான் கேட்பது இவ்வளவுதான். பகுதி சபைக்குத் தேதி குறிக்கும்போது, அந்த வார்டின் வரைபடத்தைத் தெருப் பெயர்களோடு, தமிழில், பெரிய தாளில் அச்சிட்டு ரேஷன் கடைச் சுவரில் முன்கூட்டியே ஒட்ட வேண்டும். கண்மாயும் வாய்க்காலும் பூங்காவுக்கு ஒதுக்கிய இடமும் அதில் தெரிய வேண்டும். நில வகை மாற்றம் கேட்டு வந்த மனுக்களைச் சபையில் வாசிக்க வேண்டும். சபையின் முடிவைக் கிராம சபைத் தீர்மானம்போல எண்ணிட்டுப் பதிய வேண்டும். அதை ஏற்க முடியாது என்று முழுமைத் திட்டத்தை வகுக்கும் திட்டக் குழுமம் முடிவெடுத்தால், காரணத்தை எழுதி அதே சுவரில் ஒட்ட வேண்டும்.