துள்ளலை அடக்குவது

ஆத்தங்குடிக் கல்லையும், பழைய வீடுகளில் கழற்றிய பர்மாத் தேக்குத் தூண்களையும், பெல்ஜியம் கண்ணாடிகளையும் இருபத்திரண்டு வருஷங்களாகப் பிக்கப் வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சேர்த்து வருகிற எனக்கு, வண்டியின் ஷாக்கப்சார்பரைப் பற்றிச் சில திடமான அபிப்பிராயங்கள் உண்டு. காரைக்குடி நூறடி ரோட்டில் இந்நாட்களில் நான் காண்கிற ஒரு மோகமே அவற்றை இன்று சொல்லத் தூண்டியது. புதிதாகப் பிக்கப் வாங்குகிற இளைஞர், அதன் மீது முதல் சுமை ஏறுவதற்கு முன்பாகவே, மஞ்சளும் சிவப்புமாக வர்ணம் பூசிய, பக்கத்தில் தனிக் குப்பி தொங்குகிற, வெளிநாட்டு ஷாக்குகளைப் பூட்டி, வண்டி உயர்ந்துவிட்டது, இனி எவ்வளவு பாரமும் தாங்கும் என்று மகிழ்கிறார்.

உயரத்தைத் தருவது ஷாக் அல்ல. பாரத்தைத் தாங்குவதும் ஷாக் அல்ல. தமிழில் சிலர் இதற்கு ‘அதிர்வு தாங்கி’ என்று பெயரிட்டுவிட்டதனால் நேர்ந்த மயக்கமோ என்னவோ, தாங்குவதே இதன் தொழில் என்று பலர் எண்ணுகிறார்கள். தாங்குவது வண்டியின் வில் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), துள்ளலை அடக்குவது ஷாக். இன்னொரு முறையும் சொல்கிறேன்: தாங்குவது பட்டை, அடக்குவது ஷாக்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் வில்வண்டி இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வில்லும் இந்தப் பட்டையும் ஒரே ஜாதிதான். வில்வண்டிக்கு ஷாக் கிடையாது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுகிற உராய்வே மாட்டின் நடைக்குத் தேவையான அடக்கத்தைக் கொடுத்தது. அதே பட்டையை அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வேகத்தடை மீது ஏற்றினால், அமுங்கிய பட்டை தான் வாங்கிய சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பி எறிகிறது. அப்படி எறிவதைப் பிடித்து, சிறு துவாரங்களின் வழியே எண்ணெயை நெருக்கித் தள்ளி, அந்தச் சக்தியை உஷ்ணமாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுவதே ஷாக்கின் காரியம். அமுங்குகையில் கொஞ்சம் இடம் கொடுத்து, எழும்புகையில் இறுக்கிப் பிடிப்பதில்தான் அதன் சாமர்த்தியமெல்லாம் இருக்கிறது.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு சமயம் வைக்கோல் அணைத்து, கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்கி, திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்குக் கொண்டு போனேன். இறக்குகிறபோது பின் வரிசைகளில் கல்லுக்குக் கல் மூலை தெறித்திருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் ஒரு கடையில் பளபளப்பான புது ஷாக்குகள் மாட்டியிருந்தேன்; ஆகையால் அடுக்கின பையன்மேல் கோபித்துக்கொண்டேன். அது அநியாயமான கோபம்.

திரும்பி வந்ததும், கழனிவாசல் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு வயோதிக மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். அவரைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனெனில் இந்தக் கலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கை காட்டினதுதான். காரைப் பரிசோதிக்கிறவர்கள் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்ப்பார்களல்லவா? பிக்கப்பில் அது செல்லாது. காலி வண்டியின் கனத்த பட்டை மனித பலத்துக்கு அசைந்து கொடுக்காது. அவர் அதைச் செய்யவே இல்லை. “அண்ணே, செம்மண் ரோட்டிலே பத்துக் கிலோமீட்டர் ஓட்டிக்கிட்டு நேரே இங்கே வாங்க” என்றார். வந்து நிறுத்தியதும் அடியில் நுழைந்து, புறங்கையை முதலில் வலது ஷாக்கின் மீதும், பிறகு இடது ஷாக்கின் மீதும் மெல்ல ஒற்றினார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடங்களில் வைத்தார். வலது பக்கம் இளவெந்நீர்ப் பாத்திரத்தைத் தொட்டாற்போலிருந்தது. இடது பக்கம் பச்சைத் தண்ணீர்ச் சில்லிப்பு. “சூடு இல்லேன்னா வேலை செய்யலேன்னு அர்த்தம்” என்றார். புது ஷாக், வெளியே ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவு கிடையாது, ஆனாலும் உள்ளே உயிர் இல்லை! இன்றுவரை நீண்ட பிரயாணத்தில் தேநீருக்கு நிறுத்தும்போதெல்லாம் நான் செய்கிற முதல் காரியம் அதுதான்: புறங்கையால் இரண்டையும் தொட்டுப் பார்ப்பது.

இனி எந்த ஷாக்கைத் தேர்ந்தெடுப்பது? பிரெஞ்சுக்காரரான தெ கார்பன் உருவாக்கி, ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனத்தார் 1957 முதல் தயாரித்த ஒற்றைக் குழாய் ஷாக், உயர் அழுத்த நைட்ரஜன் வாயுவினால் எண்ணெய் நுரைக்காமல் காக்கிறது; நெடுந்தூரம் வேகமாக ஓடுகிறவர்களுக்கு அது உத்தமம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் வெளிச்சுவரே உள்ளே பிஸ்டன் ஓடுகிற சுவருமாகும். சரளைக் கல் ஒன்று தெறித்துப் பள்ளம் விழுந்தால் அந்த இடத்தில் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். செம்புரான் கல்லும் சரளையுமான நம் கிராமத்துப் பாதைகளுக்கு, குறைந்த அழுத்த வாயு அடைத்த இரட்டைக் குழாய் ஷாக்கையே நான் விரும்புகிறேன்; வெளிக்குழாயில் அடி பட்டாலும் உள்குழாய் பிழைத்துக்கொள்ளும். இது நடுநிலைத் தீர்ப்பு அல்ல, என் பிரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டியானாலும் பொலேரோ பிக்கப்பானாலும், அதிகப் பாரத்துக்காகப் பட்டை கூட்டியவர்கள் ஷாக்கை மாற்றியே ஆகவேண்டும். கூட்டிய பட்டையின் எழுச்சியைப் பழைய ஷாக்கினால் பிடிக்க முடியாது. சுமை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகையில் பின்பக்கம் முயலைப் போலக் குதிக்கும். வண்டியை உயர்த்தியவர்கள் நீளத்தை அளந்து வாங்கவேண்டும். குட்டையான ஷாக் பள்ளத்தில் முழுக்க நீண்டு கண்ணியைப் பிய்த்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாகவே மாற்றுங்கள்.

அந்த மெக்கானிக் பெரியவர் எனக்குப் புது ஜோடி மாட்டிய விதமும் கண்ணிலேயே நிற்கிறது. கடையில் படுத்துக் கிடந்த ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, நாலைந்து முறை முழுக்க அமுக்கி, முழுக்க இழுத்து, உள்குழாயில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றினார். முதல் இழுப்பில் பிடிமானமின்றி நழுவிய தண்டு, ஐந்தாவது இழுப்பில் தேன் ஜாடிக்குள் கரண்டி போல் நிதானமாக நகர்ந்தது. போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகி வைத்து, ஜாக்கியை இறக்கி, வண்டி தன் காலில் நின்ற பிறகே இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடுமாம். அன்று மாலை கானாடுகாத்தானில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை ஏற்றிக்கொண்டு, வேகத்தடைகளை மெதுவாகத் தாண்டி ஊர் வந்து சேர்ந்தேன். கண்ணாடியை அவிழ்ப்பதற்கு முன்னால் குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே வெதுவெதுப்பு.