நல்லதங்காளின் கிணறும் நீதிமன்றமும்



விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் உள்ளது. அவ்வூருக்கு வடக்கே, வத்திராயிருப்பை அடுத்த அருச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. ஏழு மக்களோடு அவள் மாண்டதாகச் சொல்லப்படும் கிணறும் உண்டு. இராசபாளையத்துக் கவிஞர்க்கு இரண்டும் அண்மையில் உள்ளவை. கதைப்பாடல் அவளைத் தெய்வமாக்கிற்று. நீதிமன்றம் அவளை என்னவென்று அழைக்கும்?

கொலை வழக்கில் இறப்பை மட்டும் மெய்ப்பித்தால் போதாது. செய்தவர் உள்ளத்தையும் மெய்ப்பித்தல் வேண்டும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் அவ்வுள்ளத்தைப் பகுத்துப் பார்த்தது. கொல்லும் கருத்து ஒன்று. சாவு நேரும் என்னும் அறிவு மற்றொன்று. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 100, 101ஆம் பிரிவுகளிலும் இப்பகுப்பு நிலைபெற்றுள்ளது. உள்ளத்தை நேரில் கண்டவர் இலர். ஆதலின் ஆயுதம், அடிபட்ட இடம், அடியின் எண்ணிக்கை, முன்பகை, பின்னைய நடத்தை ஆகிய புறச்சான்றுகளைக் கொண்டே நீதிபதி அகத்தை அறிகிறார்.

1940ஆம் ஆண்டு அலகாபாத் உயர் நீதிமன்றத்தின்முன் ஒரு தாய் நின்றாள். கணவன் பின்தொடர்வதைக் கண்டு அஞ்சிக் கைக்குழந்தையுடன் கிணற்றில் குதித்தவள் அவள். குழந்தை இறந்தது, அவள் பிழைத்தாள். கொல்லும் கருத்து இல்லை, அறிவு உண்டு, ஆயினும் அச்சம் தக்க காரணம் என்று கண்ட மன்றம், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்றே தீர்த்தது. 1953இல் மத்திய பாரத உயர் நீதிமன்றம் விசாரித்த தாய், குடும்பப் பூசலால் மூன்று குழந்தைகளுடன் குதித்தவள். அவளிடமும் கொல்லும் கருத்து இல்லையென்றே மன்றம் கண்டது. ஆனால் பூசல் தக்க காரணமாகாது என்றுரைத்துக் கொலைக்குற்றத்தை உறுதி செய்தது. செயலும் அறிவும் ஒன்றே. காரணத்தை மன்றம் எடைபோட்ட வகையில் தீர்ப்பு வேறாயிற்று.

நல்லதங்காளின் நிலை இவ்விருவரினும் கடுமையானது. பிள்ளைகளை ஒருவர்பின் ஒருவராக எறிந்தாள். தப்பியோட முயன்ற மூத்தவனையும் விட்டாளில்லை. கதைப்பாடலின் இச்செய்திகளே கொல்லும் கருத்துக்குச் சான்றாகிவிடும். திடீர்ச் சினமூட்டல் என்னும் விதிவிலக்கும் அவளுக்கு உதவாது. இழிவுபடுத்தியவள் அண்ணி மூளி அலங்காரி, மாண்டவர்கள் பிள்ளைகள்.

இவ்விடத்திலேதான் தமிழகத்து நீதிமன்றம் ஓர் அடி முன்வைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில், திடீர்ச் சினமூட்டலினின்றும் நெடுநாள் தொடர்ந்த சினமூட்டலை வேறுபடுத்தி, அதனையும் கருத்திற்கொள்ள இடமளித்தது. குழந்தைகளுடன் சாகத் துணியும் தாயின் மனநிலைக்கு நல்லதங்காளின் பெயரே தீர்ப்புரைகளில் வழங்கலாயிற்று.

பன்னீராண்டுப் பஞ்சத்தையும் பசியையும் அடைத்த கதவையும் முதலில் பாடிய பின்னரே கதைப்பாடல் கிணற்றடிக்கு வருகிறது. செயலை அது மறைக்கவில்லை. செயலுக்கு முந்தைய நாள்களையும் மறைக்கவில்லை. வழக்கிலும் அந்நாள்கள் சான்றாகப் பதிவாதல் வேண்டும். நல்லதங்காள் மாண்டு தெய்வமானாள். கூண்டில் நிற்பவளோ பிள்ளைகளை இழந்து, தான் மட்டும் பிழைத்துக்கொண்ட தாய்.