ஜலாஷ்வா

பிறர் கழித்த மாட்டைப் பணம் கொடுத்து வாங்குவாருண்டோ என்று 2007ஆம் ஆண்டில் எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் நான் எள்ளி நகையாடியதுண்டு. அமெரிக்கக் கடற்படை முப்பத்தாறு ஆண்டுகள் ஓட்டிக் கைவிட்ட ‘டிரெண்டன்’ என்னும் கப்பலை, ஏறக்குறைய 5 கோடி டாலர் கொடுத்து நம் நாடு வாங்கியிருந்த சமயம் அது. அதற்கு ‘ஜலாஷ்வா’ என்று பெயரிட்டனர். நீர்க்குதிரை என்பது பொருள். நீர்யானையையும் வடமொழியார் அவ்வாறே வழங்குவர். உருவத்துக்குப் பின்னதே பொருத்தம்.

சியாட்டில் நகரின் கட்டுந்தளத்தில் 1966இல் தொடங்கிய அக்கப்பல், 1968இல் நீரில் இறங்கி, 1971 மார்ச்சில் பணியேற்றது. நீளம் 173 மீட்டர். நிறை சுமார் 17,000 டன். துருப்புகளையும் வண்டிகளையும் சுமந்து சென்று, துறைமுகமில்லாத கரையிலும் இறக்குவது அதன் தொழில். அதற்கான உபாயம் வியப்புக்குரியது. அடிப்பகுதித் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பியதும் கப்பலின் பின்புறம் தாழும். பெரிய கதவு திறக்கும். கடல் உள்ளே புகும். வயிற்றறையில் அடுக்கிய படகுகள் மிதந்து, தாமே வெளியேறும். பிறகு நீரை வெளியேற்றினால் கப்பல் பழையபடி உயரும். குளத்தில் குடத்தை அமிழ்த்தி எடுப்போர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படை இறக்கப் பிறந்த அக்கப்பலின் சரித்திரத்தில் என்னைக் கவர்வது மக்களை ஏற்றிய கதையே. 1991 ஜனவரியில் சோமாலியாவின் மொகதிஷு நகரம் உள்நாட்டுப் போரில் எரிந்தது. 860 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து, அதன் தளத்தினின்று இரண்டு பெரிய ஹெலிகாப்டர்கள் எழுந்தன. வழியில் வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு தூதரகத்தை அடைந்தன. அங்கிருந்து மொத்தம் முப்பது நாட்டவர் 281 பேர் மீட்கப்பட்டனர். 2006இல் லெபனானிலிருந்தும் அது மக்களை ஏற்றி வந்தது.

நம்மிடம் வந்த அடுத்த ஆண்டே துயரம் நேர்ந்தது. 2008 பிப்ரவரியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கசிந்து, அதிகாரி ஒருவரும் மாலுமிகள் ஐவரும் மாண்டனர். அழுகிய முட்டை நாற்றம் என்று அவ்வாயுவைப் பற்றி வகுப்பில் சொல்லித் தந்தவன் நான். அளவு மிகுந்தால் மூக்கு உணர்விழந்து நாற்றமே தெரியாது என்பதை அழுத்திச் சொன்னேனா என்று அன்றிரவு நெடுநேரம் யோசித்தேன்.

2020இல் கொரோனா நோய் பரவியபோது, என் பழைய மாணவன் ஒருவன் ஈரானில் கூலிக்கு மீன்பிடித்துக் கொண்டிருந்தான். விமானமில்லை; வேலையுமில்லை. அவன் தாயார் மனு எழுதித் தரும்படி என் வீட்டுத் திண்ணைக்கு மும்முறை வந்தார். மூன்று முறையும் எழுதினேன். நம்பிக்கையோடு எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். அவ்வாண்டு ஜூலை முதல் தேதி, பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேருடன் தூத்துக்குடி வந்தடைந்தது நான் பழித்த அந்த ஜலாஷ்வாவே.

தனிமைக் காலம் முடிந்து அவன் என்னைக் காண வந்தான். கடல் புகும் அந்த அறையைப் பார்த்தாயா என்று ஆவலோடு வினவினேன்.

“இல்லை சார். நான் நன்றாகத் தூங்கினேன்” என்றான்.