பின்வழி ஸ்கேன்: போனால் என்ன செய்வார்கள்?

(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்றைக்குப் பேசப்போகும் விஷயத்தை நாம் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. பிள்ளை பெற்ற பிறகு சில பேருக்குக் காற்று அடங்காது. அவசரம் வந்தால் கக்கூசுக்குப் போய்ச் சேர்வதற்குள் துணி கெட்டுவிடும். மலையில் கூடையோடு நிற்கும்போது வந்தால் எங்கே ஓடுவது? இதனாலேயே காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மலைக்கு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீடு, திருவிழா எதற்கும் போகாமல் லயத்துக்குள்ளேயே இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று மாமியார் சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

அப்படித்தான் என்று விடக்கூடாது. ஆசனவாயைச் சுற்றி இரண்டு தசை வளையங்கள் இருக்கின்றன. சுருக்குப் பையின் வாயை நினைத்துக்கொள்ளுங்கள். உள் வளையம் நாம் தூங்கும்போதும் தானாகவே மூடிக்கொண்டிருக்கும். வெளி வளையம் நாமாக இறுக்கிப் பிடிப்பது. அவசரத்தில் அடக்கிக்கொண்டு ஓடுகிறோமே, அது இதன் வேலை. பெரிய பிள்ளையாக இருந்தாலோ, ஆயுதம் போட்டு எடுத்தாலோ இந்த வளையம் கிழியலாம். மேலே தையல் ஆறிவிடும், உள்ளே கிழிந்தது அப்படியே இருக்கும். லண்டனில் 1993 இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் பிள்ளையை இயற்கையாகப் பெற்ற தாய்மாரில் 100 க்கு 35 பேருக்கு ஸ்கேனில் இப்படிச் சேதம் தெரிந்தது. அவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எல்லாரும் பயப்படவேண்டாம். தொந்தரவு உள்ளவர்கள் ஒளிக்கவேண்டாம், அவ்வளவுதான்.

நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் கெமல் டீன் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் இருந்தபோது, ஸ்கேன் காட்டும் கிழிவும் ஒப்பரேஷனில் கண்ணால் பார்க்கும் கிழிவும் ஒன்றுதானா என்று மற்ற வைத்தியர்களோடு சேர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தார். அதுவும் 1993 இல்தான் வெளிவந்தது. இரண்டும் நன்றாக ஒத்துப்போயின. வெட்டிப் பார்க்காமலே தெரிந்துகொள்ள இந்த ஸ்கேன் போதும் என்ற நம்பிக்கை வந்தது அப்படித்தான்.

சரி, போனால் என்ன செய்வார்கள்? இடது பக்கமாகச் சரிந்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். துணியால் மூடிவிடுவார்கள். முதலில் டாக்டர் கையுறை போட்ட விரலால் சோதிக்கலாம். பிறகு ஏறக்குறைய கட்டை விரல் பருமனான ஒரு கருவிக்கு றப்பர் உறை மாட்டி, வழுவழுப்பான ஜெல் தடவி, மெதுவாக உள்ளே வைப்பார்கள். ஒரு சில சென்ரிமீற்றர்தான் போகும். வயிற்றில் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கேன் மாதிரி இதுவும் ஒலி அலைதான். எக்ஸ்ரே கதிர் இல்லை. ஊசியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. வெளிக்கு வருவது போல ஓர் உணர்ச்சி இருக்கும். உண்மையில் வராது, வெட்கப்படாதீர்கள். "இறுக்குங்க, விடுங்க" என்று சொன்னால் செய்யுங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா என்று நான் சொல்லமாட்டேன். ஆசனவாயில் வெடிப்போ சீழ்க்கட்டியோ இருந்தால் வலிக்கும். அதை முன்கூட்டியே சொல்லுங்கள், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவார்கள். றப்பர் ஒத்துக்கொள்ளாதவர்களும் சொல்லவேண்டும். தாதி ஒருவர் கூட நிற்கவேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

திரையில் உள் வளையம் கறுப்பாகவும் வெளி வளையம் வெள்ளை கலந்தும் தெரியும். கிழிந்த இடத்தைக் கடிகார முள் கணக்கில் எழுதுவார்கள்: பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை என்றால் முன்பக்கம், பிள்ளை வந்த பக்கம். அதைப் பார்த்துத்தான் தசைப் பயிற்சி போதுமா, சாப்பாட்டை மாற்றி மருந்து கொடுப்பதா, தைக்கவேண்டுமா, அடுத்த பிள்ளையை எப்படிப் பெறுவது என்று தீர்மானிப்பார்கள்.

ஐயாமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பவுத்திரத்துக்கும் இந்த ஸ்கேன் எடுக்கிறார்கள். சீழ் வரும் குழாய் எவ்வளவு தசையைக் கடந்து போகிறது என்று தெரியாமல் வெட்டினால் அடக்கும் சக்தியே போய்விடலாம். மூலத்துக்கு மருந்து என்று ரோட்டோரத்தில் பலகை போட்டிருப்பவரிடம் போகுமுன் இதை யோசியுங்கள். இரத்தம் போனால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, புசல்லாவைப் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் தோட்ட வைத்திய உதவியாளரிடம் அல்லது மருத்துவமாதுவிடம் சொல்லி ஒரு கடிதம் வாங்குங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டினால், ஸ்கேன் தேவையா, எங்கே எடுப்பது என்று அங்கே எழுதித் தருவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். பஸ் காசும் ஒரு நாள் பேரும் போகும், அது எனக்குத் தெரியும்.

இன்னொன்று. சிங்களம் தெரியாதென்று பதினைந்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். அவன் முன்னால் எந்தத் தாய் உண்மையைச் சொல்வாள்? "வயிற்று வலி" என்று சொல்லி மாத்திரையோடு திரும்பி வருகிறீர்கள். அக்காவையோ தங்கச்சியையோ கூட்டிக்கொண்டு போங்கள். யாரும் இல்லாவிட்டால் மருத்துவமாதுவிடம் சொல்லி, கடிதத்திலேயே எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். பிள்ளை பெற்ற கிளினிக் அட்டையும் கையோடு இருக்கட்டும். சில இடங்களில் குடலைச் சுத்தம் செய்ய ஸ்கேனுக்கு முன் பின்வழியாக மருந்து வைப்பார்கள். பட்டினி கிடக்கச் சொல்லாவிட்டால் ரொட்டியும் தேத்தண்ணியும் குடித்துவிட்டே பஸ் ஏறுங்கள்.