தோல்விக்குப் பின் மைசூர்



மைசூருக்குத் தசரா பார்க்கப் போயிருக்கிறீர்களா? அரண்மனை முழுக்க விளக்குகள் ஜொலிக்கும். ஆனால் 1799-இல் அங்கே அரண்மனையே இல்லை. பழைய அரண்மனையைத் திப்பு சுல்தான் இடித்துவிட்டிருந்தார். தலைநகரம் ஸ்ரீரங்கப்பட்டணம்.

1799 மே 4. ஆங்கிலேயக் கம்பெனிப் படை ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டைக்குள் புகுந்தது. திப்பு போரிட்டு மடிந்தார். இது நாம் அறிந்த கதை. அதற்குப் பிறகு மக்களுக்கு என்ன ஆயிற்று?

முதலில் நாட்டைக் கூறு போட்டார்கள். நம் சேலம், தர்மபுரிப் பக்கம் 1792-லேயே கம்பெனிக்குப் போய்விட்டது. இப்போது கோயம்புத்தூரும் கன்னடக் கடற்கரையும் போயின. ஹைதராபாத் நிஜாமுக்கு ஒரு பங்கு. ஜெர்மனி 1945-இல் தோற்றபோது நான்கு நாடுகள் அதைப் பிரித்துக்கொண்டன அல்லவா? அதே கதைதான் இங்கும்.

மீதி இருந்த நாட்டுக்கு ஒரு ராஜா வேண்டும். பழைய உடையார் வம்சத்துக் குழந்தையை அழைத்து வந்தார்கள். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு அப்போது ஐந்து வயதுகூட நிறையவில்லை. ஜூன் 30-இல் மைசூரில் பந்தல் போட்டு முடி சூட்டினார்கள்.

திவான் யார் தெரியுமா? பூர்ணய்யா. திப்புவின் அரசில் பணப் பொறுப்பைப் பார்த்தவர் அவரே! கொடி மாறியது, கணக்குப்பிள்ளை மாறவில்லை. அவரைச் சந்தர்ப்பவாதி என்று ஏசுவோர் உண்டு. அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. நாடு சிதறிக் கிடந்தது. வேலை இழந்த சிப்பாய்கள் அலைந்தார்கள். தோண்டியா வாக் என்பவர் அவர்களில் பலரைச் சேர்த்துக்கொண்டு கலகம் செய்தார். 1800-இல் கம்பெனிப் படை அவரைக் கொன்றது. அந்த நேரத்தில் நிர்வாகம் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1806 ஜூலை 10-இல் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள். திப்புவின் கொடி ஏறியது. ஒரே நாளில் கிளர்ச்சியை அடக்கினார்கள். பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். மைசூரில் கம்பெனிப் படை தங்கும். அதற்கு மைசூர் ஆண்டுதோறும் 7 லட்சம் நட்சத்திர வராகன் கட்ட வேண்டும். ரூபாயில் சுமார் இருபத்து நாலரை லட்சம்! காவலுக்கு வந்தவனுக்கு வீட்டுக்காரன் வாடகை கொடுப்பது போல. உடன்படிக்கையில் இன்னொரு ஷரத்தும் இருந்தது. பணம் வருவது தடைப்படும் என்று கம்பெனி கருதினால், ஆட்சியைத் தானே எடுத்துக்கொள்ளலாம்.

ராஜாவா பணம் விளைவிப்பார்? உழுதவன்தான் விளைவிக்க வேண்டும். 1811-க்குப் பிறகு ராஜா நேரடியாக ஆண்டார். வரி வசூலைக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைக்காரன் கசக்கிப் பிழிந்தான். 1830-இல் நகர் சீமையில், இன்றைய சிவமொக்கா பக்கம், விவசாயிகள் கூட்டம் கூட்டமாக எழுந்தார்கள். வரி கட்ட மாட்டோம் என்றார்கள். படை வந்தது. பலர் மாண்டார்கள்.

கம்பெனி பழைய ஷரத்தைக் கையில் எடுத்தது. 1831-இல் ஆட்சி ராஜாவின் கையை விட்டுப் போனது. அவர் 1868-இல் காலமானார். அதுவரை அதைத் திருப்பித் தரவில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1881-இல், அவருடைய வளர்ப்பு மகன் சாமராஜேந்திர உடையாரிடம் நாடு திரும்பியது. கூடவே புதிய கணக்கு ஒன்றும் வந்தது. ஆண்டுப் பணம் இனி 35 லட்சம் ரூபாய். பஞ்சத்தில் அடிபட்ட நாடு என்பதால், கூடுதல் தொகைக்கு மட்டும் தவணை கொடுத்தார்கள்.